சிறு வண்டியின் பாடிக்கு எந்தக் காப்பு?

நம் வாசகர் குடும்பங்களுள் சிறு சரக்கு வண்டி ஒன்றையே தொழிலாகக் கொண்டு வாழ்வன பல. ஆஸ்டின் டவுனின் குறுக்குத் தெருக்களிலும், அதனை அடுத்துள்ள வண்ணார்பேட்டை, நீலசந்திரா, ஈஜிபுரா, விவேக்நகர் பகுதிகளிலும் விடியற்காலையில் நடந்து செல்பவர் எவரும் வீட்டு வாயில்களில் நிற்கும் இவ்வண்டிகளைக் காணாமல் இருக்க இயலாது. தண்ணீர்க் கேன், காய்கறி, மீன், பந்தல் சாமான், செங்கல், பழைய இரும்பு என்று ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பிழைப்பு உண்டு. 2005-ஆம் ஆண்டில் டாட்டா நிறுவனம் ‘ஏஸ்’ என்னும் வண்டியை வெளியிட்டது. நம் மக்கள் அதனைக் ‘குட்டி யானை’ என்றனர். வடநாட்டார் ‘சோட்டா ஹாத்தி’ என்றனர். 2011-இல் நமக்கு அண்டை ஊராகிய ஓசூரிலிருந்து அசோக் லேலண்டின் ‘தோஸ்த்’ வந்தது. பெரிய லாரி வாங்க இயலாத குடும்பங்கள் முதலாளிகளாக நிமிர்ந்து நிற்க இவ்வகை வண்டிகள் வழி செய்தன என்பதை எவரும் மறுக்கமாட்டார்கள்.

இவ்வண்டிகளைக் குறித்து அன்பர்கள் நம்மிடம் அடிக்கடி எழுப்பும் வினா ஒன்றுண்டு. “புதிதாக வண்டி எடுத்திருக்கிறோம். பாடியின் உட்புறத்தில் ஏதோ ஒரு மருந்தைப் பீய்ச்சி அடித்துக் கருப்பு ரப்பரைப் போன்ற பூச்சு ஒன்றைப் போட்டுத் தருகிறார்கள். அது அமெரிக்க முறை என்கிறார்கள். பட்டறைக்காரரோ அது வீண் செலவு, செக்கர் பிளேட் அடித்தால் போதும் என்கிறார். எதைச் செய்வது?” என்பதே அவ்வினா. இத்திங்கள் இப்பகுதியை அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். வண்டியில்லாத வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். எனினும் மாடிப்படிக் கம்பிக்கும் தண்ணீர்த் தொட்டி மூடிக்கும் வீட்டு வாயிற் கதவுக்கும் வண்ணம் பூசுவோர்க்கும் இதில் பயன்படும் செய்தி சில உண்டு.

முதலில் இக்கேள்வியின் கனத்தை உணர்தல் வேண்டும். வண்டி வாங்கும்போது நம் குடும்பங்களில் என்ன நடக்கிறது? இல்லத்தரசியின் நகை அடகுக் கடைக்குப் போகிறது. ஊரில் உள்ள அரை ஏக்கரின் மீது கடன் ஏறுகிறது. மிகுதிக்கு மாதத் தவணை. இயந்திரத்தை எல்லாரும் கண்ணும் கருத்துமாய்ப் பார்த்துக்கொள்கிறார்கள்; எண்ணெய் மாற்றத் தவறுவதில்லை. ஆனால் சம்பாதித்துத் தருவது பின்னாலுள்ள அந்தத் தகரத் தொட்டியே என்பது பலருக்கு மறந்துபோகிறது. தவணை முடிவதற்குள் பாடியின் தரை அரித்து ஓட்டையானால், வண்டியை விற்கும்போது கேட்பவர் முதலில் அங்கேதான் கையை வைப்பார். அன்றியும், சரக்கு வண்டிக்குத் தகுதிச் சான்று வேண்டும். நாம் ‘எப்.சி.’ என்று வழங்குவது அதனையே. வண்டிக்கு எட்டு ஆண்டு நிறையும்வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அதன் பின்னர் ஆண்டுதோறும் அதனைப் புதுப்பிக்க வேண்டும். அரித்துப்போன பாடியோடு அதற்கு நிற்பவர் முதலில் பட்டறைக்குப் போய் ஒட்டுப் போட்டு வர நேர்கிறது. அந்நாட்களில் வண்டி ஓடாது, கூலியும் வராது.

இனித் துருவைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நம் பட்டறைகளில் தமிழ், கன்னடம், உருது மூன்றும் கலந்தே பேச்சு நடக்கிறது. துரு என்றால் புரியாதவரிடம் ‘துக்கு’ என்றால் புரியும். அதுவும் புரியாவிடில் ‘ஜங்கு’ என்க. 1894-இல் கன்னடத்திற்குப் பேரகராதி தந்த ஜெர்மானியப் பாதிரியார் கிட்டலின் பெயரால் நம் ஆஸ்டின் டவுனுக்குக் கிட்டல் நகர் என்ற பெயரும் உண்டு. அவர் பெயர் தாங்கிய பகுதியில் வாழும் நாம் தொழிலுக்கு வேண்டிய கன்னடச் சொற்களை அறிந்துவைத்தல் நன்றேயாம்.

இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றிலுள்ள பிராணவாயுவும் சேர்ந்து வேண்டும். உப்பும் கலந்தால் வேகம் பன்மடங்காகும். நனைந்து உடனே காய்கிற இரும்பை விட, நனைந்து மூடிக் கிடக்கிற இரும்பே விரைவில் அழியும். மேலும், துரு தான் தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைப்பது. ஆதலின் ஒரு பூச்சின் அடியில் ஊசிமுனையளவு துரு இருந்தாலும் அது வளர்ந்து பூச்சை மேல்நோக்கித் தள்ளும்; தள்ளிய இடத்தில் நீர் புகும்; நீர் புகுந்த இடத்தில் மேலும் துரு வளரும். இவ்வொன்றை மனத்தில் இருத்திக்கொண்டால், கடைக்காரர் என்ன சொன்னாலும் நாமே எடைபோட்டுக்கொள்ளலாம்.

பாடிக்குக் காப்பாக இன்று நம் ஊரில் கிடைப்பவை நான்கு வகையின: ரப்பர் விரிப்பு, பலகை, உலோகத் தகடு, பீய்ச்சும் பூச்சு.

ரப்பர் விரிப்பு மிகவும் மலிவானது. ஜெ.சி. சாலையில் அளவு சொன்னால் வெட்டித் தருவார்கள்; அரை மணியில் விரித்துவிடலாம். கண்ணாடி, மரச்சாமான், மின்சாதனப் பெட்டி முதலியவற்றை ஏற்றுவோர்க்கு அதுவே இதமானது. பொருள் அதிர்வதில்லை, நழுவுவதில்லை. ஆனால் அதன் அடியில் தேங்கும் நீர் காய்வதற்கு வழியே இல்லை. வாரம் ஒருமுறை எடுத்து உதறி, தரையைத் துடைத்து வெயிலில் விடுபவர்க்கே அது காப்பு. போட்டதை மறந்துவிடுபவர்க்கு, மேலே பளபளப்பாகத் தோன்றிக்கொண்டே கீழே தரையைத் தின்னும் பகை. பலகையும் ஏறக்குறைய இவ்வாறே. நாமக்கல்லில் லாரிப் பாடி கட்டுவோர் மரத்தை நெடுங்காலமாகக் கையாண்டு வந்திருக்கிறார்கள். ஆனால் அங்கே மரம் இரும்புச் சட்டங்களின் மேல், அடியில் காற்றுப் புகும்படி அமர்ந்திருக்கும். சிறு வண்டியின் தகரத் தரை மீது ஒட்டு பலகையை அப்படியே படுக்க வைப்பது வேறு; ஈரப் பலகை ஒன்றை இரும்போடு கட்டிப்போட்டதற்கு அது ஒப்பாகும்.

செக்கர் பிளேட்டை விரும்புவோர் மிகப் பலர். அதற்குக் காரணமும் உண்டு. செங்கல், ஜல்லி, இரும்புக் கழிவு ஆகியவற்றின் அடியைத் தாங்குவதில் அதற்கு நிகர் இல்லை. கனத்த பெட்டிகளை இழுத்துத் தள்ளுவதும் எளிது. ஆனால் அதன் எடையை எவரும் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. நாம் கணக்கிட்டுப் பார்ப்போம். ஏஸ் வண்டியின் பாடி 2200 மில்லிமீட்டர் நீளமும் 1490 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. தரையின் பரப்பு ஏறத்தாழ 3.3 சதுர மீட்டர், அதாவது 35 சதுர அடி. இதற்கு 3 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடு போட்டால் எடை 80 கிலோவை நெருங்கும். முதலில் வந்த ஏஸ் வண்டி சுமக்கத் தக்கது 750 கிலோ. எனவே பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகத் தகட்டையே நாள் முழுவதும் ஏற்றி இறக்காமல் சுமந்து திரிகிறோம். இருபது லிட்டர் தண்ணீர்க் கேன் நான்கின் இடத்தை அது தின்றுவிடுகிறது. அந்நான்கு கேனுக்கும் வாடகை தருவார் இல்லை. டீசலோ அதற்கும் சேர்த்து எரிகிறது.

தகட்டைச் சுமந்துகொண்டே பழைய அளவுக்குச் சரக்கும் ஏற்றினால் மிகைச் சுமையாகும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் மிகைச் சுமைக்கு 20,000 ரூபாய் தண்டமும், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாயும் எனக் கூறுகிறது. ஆர்.சி. புத்தகத்தில் எழுதியுள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதையும் அச்சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. வெறும் வண்டியின் எடையும் அவ்விவரங்களுள் ஒன்று. பக்கப் பலகைகளை உயர்த்திக் கட்டுவோரும் இதனைக் கருதுதல் நலம்.

எடை குறைய வேண்டுமெனில் அலுமினியத் தகடு உண்டு. அதே தரைக்கு 2 மில்லிமீட்டர் அலுமினியம் 18 கிலோ அளவே ஆகும். விலை கூடுதல். மேலும் இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கத் தொடங்கும். இடையே ரப்பர் பட்டையோ நல்ல வண்ணப் பூச்சோ வேண்டும். எந்தத் தகடானாலும் ஒரு குறை பொது: பட்டறையில் தகட்டை நான்கு மூலையிலும் நடுவிலும் பற்றவைத்துவிடுவார்கள். பற்றவைத்த இடத்தின் அடியில் இருந்த வண்ணம் கருகிப்போகும். தகட்டிற்கும் தரைக்கும் நடுவே மழைநீர் புகும், வெளியேறாது. இரண்டாண்டு கழித்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால் செந்நிறக் கோடுகள் வழிந்திருக்கும். ஆதலின் தகடு போடுவோர், அதற்கு முன் தரையைச் சுத்தஞ்செய்து ரெட் ஆக்ஸைடும் வண்ணமும் பூசி, தகட்டைப் பற்றவைக்காமல் போல்ட்டு கொண்டு முடுக்குவதே தக்கது. வேண்டும்போது கழற்றிக் கழுவலாம்.

இனி அன்பர்கள் வினவிய பீய்ச்சும் பூச்சுக்கு வருவோம். இதன் வரலாறு சுவையானது. 1937-இல் ஜெர்மனியில் லெவர்குசன் நகரில் ஓட்டோ பாயர் என்னும் இரசாயன அறிஞர் பாலியூரிதேன் என்னும் பொருளைக் கண்டார். நம் மெத்தையின் பஞ்சும், செருப்பின் அடியும், வண்டியிருக்கையும் அதன் வழித்தோன்றல்களே. அதற்கு உறவான பாலியூரியா என்னும் பொருளை, பீய்ச்சிய நொடியிலேயே உறையும் பூச்சாக 1980-களின் பிற்பகுதியில் உருவாக்கியது அமெரிக்காவின் டெக்ஸாகோ இரசாயன நிறுவனம். அதன் ஆய்வுக்கூடம் இருந்த ஊர் டெக்ஸாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரம்! பெயர் ஒற்றுமையைத் தவிர நம் ஆஸ்டின் டவுனுக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. எனினும் இதை எழுதும்போது நமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி ஏற்பட்டதென்பதை மறைப்பானேன்? அந்நாட்டில் ஏறக்குறைய ஒவ்வொரு குடியானவர் வீட்டிலும் ‘பிக்கப்’ என்னும் சிறு சரக்கு வண்டி நிற்கும். அவற்றின் பாடிக்குப் பூச்சு அடிக்கவென்றே 1988-இல் ரைனோ லைனிங்ஸ், 1993-இல் லைன்-எக்ஸ் என்னும் நிறுவனங்கள் தோன்றின. அங்கிருந்தே இம்முறை உலகெங்கும் பரவியது.

இம்மருந்து இரண்டு பீப்பாய்களில் வருவது. ஒன்றில் ஐசோசயனேட் என்னும் பொருள். மற்றதில் அதனோடு கூடி இறுகும் பிசின். இரண்டையும் ஏறத்தாழ 65 முதல் 75 டிகிரி வரை சூடாக்கி, சதுர அங்குலத்திற்கு 2000 பவுண்டுக்கு மேற்பட்ட அழுத்தத்தில் தனித்தனிக் குழாயில் செலுத்தி, துப்பாக்கியின் முனையில் ஒன்றாகக் கலந்து பீய்ச்சுகிறார்கள். கார்ச் சக்கரத்தில் நாம் ஏற்றும் காற்று முப்பது பவுண்டு சொச்சம் என்பதை நினைவில் கொண்டால் இவ்வழுத்தத்தின் அளவு விளங்கும். இதனைத் தெரு மூலையில் வண்ணம் அடிக்கும் சாதாரண கம்ப்ரெசரால் செய்ய இயலாது. சாதாரணத் துப்பாக்கியால் அடிப்பதும், உருளையால் தேய்ப்பதும் வேறு வகை. அவை மெல்லிய பூச்சுகள். அவற்றையும் நாம் இகழவில்லை. காய்கறி மூட்டையும் பூக்கூடையும் ஏற்றும் வண்டிக்கு அது போதும். ஆண்டுக்கொருமுறை தேய்ந்த இடத்தில் மறுபடி பூசிக்கொள்ளலாம். ஆனால் அதனை அடித்துவிட்டு, பெரிய இயந்திரப் பூச்சின் விலையைக் கேட்கும் இடங்களும் உண்டு. மூன்றாவது ஒன்றும் இருக்கிறது: வண்டியின் அடிப்பாகத்திற்கு அடிக்கும் தார் கலந்த கருப்பு மை. நிறம் ஒன்றாயிருப்பதால் அதையே பாடிக்குள்ளும் அடித்து அனுப்பிவிடுவோர் உளர். சித்திரை வெயிலில் அது இளகி மூட்டையிலும் செருப்பிலும் ஒட்டும். ஆகையால் என்ன மருந்து, எத்தனை மில்லிமீட்டர் கனம், எந்த இயந்திரம் என்ற மூன்றையும் கேட்டு, விலைச் சீட்டிலேயே எழுதி வாங்குக. இயந்திரப் பூச்சு 2 முதல் 4 மில்லிமீட்டர் வரை இருத்தல் வழக்கம். அடித்து முடிந்த பின் காந்த அளவுகோலை வைத்துக் கனத்தை அளந்து காட்டச் சொல்லலாம். நடுத்தரையில் மட்டுமல்லாமல், மூலையிலும் விளிம்பிலும் சக்கரத்தின் மேலுள்ள மேட்டிலும் அளக்கச் செய்க. கை சோரும் இடங்கள் அவையே.

இதன் நன்மை யாதெனில், நல்ல முறையில் அடித்தால் இது தகரத்தோடு ஒன்றிவிடுகிறது. விரிப்பைப்போல் அடியில் நீர் தங்க இடமே இல்லை. எடையும் சிறிது. ஏஸ் வண்டியின் தரையும் ஓரடி உயரமுள்ள நான்கு பக்கங்களும் சேர்ந்து 5.5 சதுர மீட்டர் ஆகும். 3 மில்லிமீட்டர் கனத்தில் பூசினாலும் 17 கிலோ அளவிலேயே நிற்கும். மீன் ஏற்றுவோர்க்கு இதனையே நாம் பரிந்துரைப்போம். ரஸ்ஸல் மார்க்கெட்டிலிருந்து பனிக்கட்டியோடு வரும் மீன் கூடைகளின் உப்புநீர் நாள்தோறும் வழிந்தால், எந்த வண்ணமும் நெடுநாள் தாங்காது; செக்கர் பிளேட்டின் அடியிலோ சொல்லவே வேண்டா. ஓரங்கள் இணைப்பின்றி ஒரே தோலாக மூடும் பூச்சுக்கு அங்கே ஈடு வேறில்லை. கழுவுவதும் எளிது, நாற்றமும் தங்காது. எரிவாயு உருளை, தண்ணீர்க் கேன் ஆகியவற்றை நிற்கவைத்து ஏற்றுவோர்க்கும் நன்று. சொரசொரப்பினால் அவை ஓடுவதில்லை.

அச்சொரசொரப்பே சிலர்க்குத் துன்பமும் ஆகும். பந்தல் சாமானும் மரப்பெட்டியும் ஏற்றுவோர் ஒரு முனையில் வைத்துத் தள்ளியே உள்ளே செலுத்துவர். இப்பூச்சின் மேல் அது நகராது. தூக்கித் தூக்கித்தான் வைக்க வேண்டும். முழங்காலிட்டு வேலை செய்யும் சுமையாளின் தோல் உரியும்; சாக்கு கிழியும். வண்டிக்காரர் வண்டியை மட்டும் பார்க்கிறார், அதில் ஏறி இறங்கும் ஆளைப் பார்ப்பதில்லை. பூச்சைத் தேர்ந்தெடுக்கும் நாளில் அந்த ஆளையும் உடன் அழைத்துச் சென்று, அடித்து முடித்த வேறொரு வண்டியைத் தொட்டுப் பார்க்கச் செய்தால் நன்றாயிருக்கும். சொரசொரப்பைக் கூட்டவும் குறைக்கவும் அடிப்பவரால் இயலும். முன்னரே சொல்லவேண்டும் என்பதுதான். செங்கல், ஜல்லி, இரும்புக் கழிவு ஏற்றுவோர்க்கோ நாம் இதனைப் பரிந்துரைக்கமாட்டோம். கூரிய இரும்பு விழுந்து ஓரிடத்தில் கிழித்தால், அதைச் செப்பனிடாமல் விடுகிற நம் வழக்கத்தில், அந்த ஒரு துளை வழியே எல்லாம் கெடும். அவர்கள் போல்ட்டு முடுக்கிய இரும்புத் தகட்டையே நாடலாம். எடையைக் கணக்கில் எழுதிக்கொண்டு.

இவை யாவற்றினும் முதன்மையானது பூச்சுக்கு முந்திய வேலை. விலையுயர்ந்த மருந்தை அழுக்குத் தகரத்தின் மேல் அடிப்பதைவிட, மலிவான வண்ணத்தைச் சுத்தமான தகரத்தின் மேல் அடிப்பது நீடித்து நிற்கும் என்பதே நம் கருத்து. பாடியைச் சோப்பு நீரால் கழுவி, எண்ணெய்ப் பசையைக் கரைப்பான் கொண்டு துடைத்து, துருவுள்ள இடத்தை இரும்பு பளிச்சிடும்வரை அரைத்தெடுத்து, மற்ற இடங்களிலும் பளபளப்பு நீங்க எமரித் தாளால் தேய்த்து, தூசி போக்கி, பிரைமர் பூசி, அதன் பின்னரே மருந்து. பளபளக்கும் புது வண்ணத்தின் மேல் எதுவும் பிடிக்காது. புது வண்டிதானே, தேய்ப்பது எதற்கு என்று கேட்கும் பட்டறையிலிருந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவதே மேல். ஒரு நாள் முழுதும் தேய்ப்பு வேலைக்கே போகும். மருந்து அடிக்க ஒரு மணி நேரம் போதும். மாலைக்குள் முடித்துத் தருகிறோம் என்பவர் எதைக் குறைத்திருப்பார் என்று வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஈரத்தையும் நோக்க வேண்டும். பூச்சு வேலைக்குப் பொது விதி ஒன்றுண்டு: காற்றிலுள்ள ஈரம் பனித்துளியாகப் படியும் வெப்பநிலையை விடத் தகரம் குறைந்தது 3 டிகிரியாவது சூடாக இருத்தல் வேண்டும். இல்லையேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் தகரத்தின் மேல் நிற்கும். ஐசோசயனேட் நீரோடு கூடினால் கரியமிலவாயு பிறக்கும். பாலியூரிதேன் பூச்சில் அது குமிழ்களாக எழும். பாலியூரியா இவ்விஷயத்தில் சற்றுப் பொறுமையுடையது. எனினும் ஈரத் தகரத்தில் அதுவும் பிடிக்காது. நம் பெங்களூரில் மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். தை, மாசி, பங்குனித் திங்கள்களில் வெயில் ஏறிய பின் அடிப்பது உத்தமம். வண்டியை அதுவரை வெறும் தரையோடு ஓட்டலாமா எனின், புது வண்டியின் வண்ணம் சில திங்களுக்குத் தாங்கும். கீறல் விழுந்த இடத்தில் சிறிது பிரைமரைத் தொட்டு வைத்தால் போதும்.

பாடியில் கயிறு கட்டும் கொக்கி, சட்டம் முதலியன பற்றவைக்க வேண்டியிருந்தால் பூச்சுக்கு முன்னரே முடித்துவிடுக. அடித்த பின் பற்றவைத்தால் பூச்சு கருகுவது மட்டுமன்று, அதன் புகை நஞ்சாகும். தரையிலுள்ள நீர் வடியும் துளைகளை மருந்தால் மூடிவிடாதபடி பார்க்க வேண்டும். இதனை நின்று கவனிக்க வேண்டியது உடையவரே.

நின்று கவனிப்பது என்றோம். மருந்து அடிக்கும் வேளையில் அருகே நிற்கலாகாது. இதனைச் சற்று அழுத்தியே சொல்ல விரும்புகிறோம். ஐசோசயனேட் என்றதும் 1984-இல் போபாலில் நேர்ந்த கொடுமை நினைவுக்கு வரலாம். அங்குக் கசிந்தது மீதைல் ஐசோசயனேட் என்னும் வேறு பொருள். அது எளிதில் ஆவியாவது. பூச்சில் உள்ளது அதனினும் கனத்த வகை. ஆயினும் சூடாக்கிப் பீய்ச்சும்போது அதன் நுண்துளி காற்றில் நிறைகிறது. அதனைச் சுவாசிப்பவர்க்கு ஆஸ்துமா வரக்கூடும். ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பின்னர் மிகச் சிறிதளவு பட்டாலும் மூச்சு முட்டும்; அத்தொழிலையே விட நேரும். அடிப்பவர்க்கு வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடியும், உடல் முழுதும் மூடும் ஆடையும், காற்றை வெளியேற்றும் அறையும் வேண்டும். கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அடிக்கும் இளைஞனைக் கண்டால், அவன் பெரும்பாலும் நம் ஊர்ப்பக்கத்திலிருந்து பிழைக்க வந்த பிள்ளையாகவே இருப்பான். தருமபுரியிலோ திருவண்ணாமலையிலோ அவனுக்கும் ஒரு தாய் இருப்பாள். வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் நம் தெருக்களில், குழந்தைகள் விளையாடும் வாசலில், இவ்வேலையைச் செய்ய வருகிறோம் என்பவரை நாம் அனுமதித்தல் கூடாது. காற்றறையும் முகமூடியும் உள்ள இடத்திற்கே வண்டியைக் கொண்டுசெல்ல வேண்டும். அவை உள்ள இடத்தில் கூலி கூடுதலாயிருக்கும்; கூடுதலைக் கொடுப்பதே முறை.

பழைய வண்டி வாங்குவோர்க்கும் ஒன்று கூறக் கடமைப்பட்டுள்ளோம். இப்பூச்சு எல்லாவற்றையும் மறைக்கும். ஓட்டை விழுந்த தரையில் பட்டியையும் தகரத் துண்டையும் வைத்து, மேலே கருப்பாக அடித்து, “புதுப் பாடி” என்று விற்பது இன்று வழக்கமாகி வருகிறது. மேலே பார்ப்பதில் பயனில்லை. வண்டிக்கு அடியில் விளக்கோடு படுத்துப் பார்க்க வேண்டும். குறுக்குச் சட்டங்களும் தரையும் சேரும் இடத்தில் சாவியால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல தகரம் கணீரென்னும், அரித்தது மத்தென்னும். பூச்சின் மேலே தட்டினால் எல்லாம் மத்தென்றே ஒலிக்குமாதலால் அடியிலிருந்து தட்டுவதே பயன்தரும். அடியிலும் புதிதாகக் கருப்பு மை அடித்திருந்தால் அவ்வண்டியைப் பற்றி மேலும் விசாரிக்கவும்.

உத்தரவாதச் சீட்டைப் பற்றிச் சிறு குறிப்பு. ‘பத்தாண்டு உத்தரவாதம்’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். பூச்சு உரிந்தால் மறுபடி அடித்துத் தருவார்களா, அல்லது அடியில் துருப்பிடித்தாலும் பொறுப்பேற்பார்களா, வாடகைக்கு ஓடும் வண்டிக்கும் அது செல்லுமா என்று கேட்டு எழுதி வாங்குக. வெயிலில் நிறம் மங்குவதைக் கெட்டுவிட்டதாக எண்ண வேண்டா. மலிவான பாலியூரியா வெயிலில் வெளிறிச் சாம்பல் பூத்தாற்போல் ஆவது அதன் இயல்பு. வலிமை அதனால் உடனே குறைவதில்லை. நிறமும் வேண்டுமெனில் வெயில் தாங்கும் மேற்பூச்சுக்குத் தனி விலை. பாடிக்குள்ளே நிறம் எதற்கு என்பது நம் எண்ணம். ஆயுத பூசையன்று வண்டிக்கு மாலை போடும் அன்பர்கள் வேறு விதமாக எண்ணலாம்.

அடித்த அன்றே தொட்டால் ஒட்டாதெனினும், முழுதும் இறுகச் சில நாட்கள் செல்லும். அடித்தவர் எத்தனை நாள் என்கிறாரோ அத்தனை நாளும் கனத்த சரக்கு ஏற்றாதிருத்தல் நலம். அதன் பின்னர் மீன் வண்டியை நாள்தோறும், மற்ற வண்டிகளை வாரம் ஒருமுறையும் நல்ல நீரால் கழுவி, பின்கதவைத் திறந்துவைத்து, முன்சக்கரங்கள் சற்று மேடான இடத்தில் நிற்கும்படி நிறுத்துக. மூலைகளில் தேங்கிய நீர் தானே வழிந்துவிடும். பூச்சில் கீறல் கண்டால் அடித்த இடத்திற்கே கொண்டுசென்று, அவ்வாரத்திலேயே ஒட்டுப் போட்டுக்கொள்க.